முட்டையை விட்டோம், சோற்றை விடவில்லை

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 63 வயது. போன ஆண்டு முதல்முறையாக ரத்தத்தில் கொழுப்பு அளவைப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று இரவே, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, அம்மாவுக்குக் கொலஸ்ட்ரால் வந்துடுச்சு. முட்டையை நிறுத்தச் சொல்லிட்டேன். கறியும் இனிமேல் கிடையாது." அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 188, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல் 98, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல் 36, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 270.

எல்டிஎல் 98 பதறவேண்டிய எண் அல்ல. மொத்தமும் 200-க்குள்தான் இருந்தது. தாளில் தடித்த எழுத்தில் இருந்தவை மற்ற இரண்டும்தான். 150-க்குள் இருக்கவேண்டிய டிரைகிளிசரைடு 270-க்கு ஏறியிருந்தது. பெண்களுக்கு 50-க்கு மேல் இருக்கவேண்டிய எச்டிஎல் 36-க்கு இறங்கியிருந்தது. பெரியம்மா வாரத்துக்கு இரண்டு முட்டை சாப்பிட்டால் அதிகம். கறி மாதத்தில் ஒரு ஞாயிறு. அவர் தினமும் சாப்பிட்டது வேறு. காலையில் நான்கு இட்லியும் நீர்த்த சட்னியும். மதியம் தட்டு நிறையச் சோறு, குழம்பு, ரசம், பேருக்கு ஒரு கரண்டி காய். இரவும் சோறு. நடுவில் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே வர்க்கியோ பிஸ்கட்டோ. டீயில் போகும் சர்க்கரை மட்டும் ஏறக்குறைய 30 கிராம். ஒரு நாளுக்கு மொத்தமே 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி.

பெரியம்மாவின் தாள் நம் எல்லோருடைய தாள் மாதிரிதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு தன் முதல் கட்டத்தில் தமிழ்நாட்டையும் எடுத்துக்கொண்டது. 2014-இல் வெளிவந்த அதன் கொழுப்புக் கணக்கில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம், எல்டிஎல் கூடியிருந்தவர்கள் 11.8 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 29.5 சதவீதம், எச்டிஎல் குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். அதே ஆய்வுக் குழு பிறகு உணவைக் கணக்கெடுத்தபோது, இந்தியர்கள் சாப்பாட்டிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அண்ணன் தவறான பொருளை நிறுத்தியது புரியும். அவரைக் குறை சொல்ல முடியாது. கொலஸ்ட்ரால் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் முட்டை மஞ்சள்கருதான் கண்ணுக்கு வருகிறது.

கொலஸ்ட்ரால் என்பது விஷம் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் கட்ட அது வேண்டும். சில ஹார்மோன்களும் பித்தநீரும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. அதில் கல்லீரலின் பங்கு பெரிது. கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால் ரத்தத்தில் தானாக ஓட முடியாது. ஒகேனக்கல்லில் ஆட்களைப் பரிசலில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவதுபோல, புரதத்தால் ஆன சின்னச் சின்னப் பரிசல்கள் கொழுப்பை ஏற்றிக்கொண்டு போகின்றன. எல்டிஎல் அப்படி ஒரு பரிசல். வேலை முடிந்த பரிசல்கள் கல்லீரலின் படித்துறையில் ஒதுங்கிக் கரையேறிவிட வேண்டும். படித்துறைகள் குறைந்துபோனால் பரிசல்கள் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் படித்துறைகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சாப்பாடு இங்கேதான் உள்ளே வருகிறது. நெய், டால்டா, பாமாயில், ஆட்டுக் கொழுப்பு போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலில் படித்துறைகளைக் குறைக்கிறது. அதனால் எல்டிஎல் ஏறுகிறது. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம், எல்டிஎல்லை ஏற்றி எச்டிஎல்லையும் இறக்கும். 2022 ஜனவரி முதல் அதற்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள், நல்ல காரியம். முட்டையில் இருக்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலானவர்களுக்கு ரத்த அளவைக் கொஞ்சமாகத்தான் நகர்த்துகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து வரும்போது கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. ஒரு நாளுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015-இல் கைவிட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறும் குடும்பங்களுக்கும் இந்தத் தளர்வு அப்படியே பொருந்தாது. வாரத்துக்கு இரண்டு முட்டை தின்னும் ஒரு கிராமத்துப் பெண்ணிடமிருந்து அந்த இரண்டையும் பறிப்பதில் அர்த்தமே இல்லை. அவர் தட்டில் இருந்த நல்ல புரதமே அதுதான்.

சரி, சோறு எப்படிக் கொழுப்பாகிறது? அரிசிச் சோறும் சர்க்கரையும் வேகமாகக் குளுகோஸாகி ரத்தத்துக்கு வருகின்றன. தசை உழைத்தால் அது எரிந்துவிடும். உழைப்பு குறைந்து தசையும் கல்லீரலும் நிரம்பிவிட்டால், கல்லீரல் மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றி, டிரைகிளிசரைடு மூட்டைகளாகக் கட்டி ரத்தத்தில் இறக்குகிறது. மூட்டை அதிகமானால் அதில் ஒரு பங்கு எச்டிஎல் பரிசல்களிலும் ஏற்றப்படுகிறது. அப்படிச் சுமை மாறிய எச்டிஎல்லை உடம்பு சீக்கிரமே கழித்துவிடும். அதனால்தான் டிரைகிளிசரைடு ஏறும்போது எச்டிஎல் இறங்குகிறது. எல்டிஎல் பரிசல்களும் சிறுத்து எண்ணிக்கையில் கூடுகின்றன. தாளில் எல்டிஎல் 98 என்று நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பரிசல்கள் அதிகமாக ஓடலாம். இதைப் பிடிக்க ஒரு எளிய கழித்தல் கணக்கு உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். பெரியம்மாவுக்கு 188-இல் 36 போக 152. பொதுவாக இது 130-க்குள் இருப்பது நல்லது. தனியாகக் காசு கட்டி வேறு பரிசோதனை எதுவும் செய்யாமலே கையில் இருக்கும் தாளிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

குடியும் டிரைகிளிசரைடை ஏற்றும். பீடி, சிகரெட் எச்டிஎல்லை இறக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் கூடும், குறிப்பாக நடுவயதுப் பெண்களுக்கு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எச்டிஎல்லை "நல்ல கொலஸ்ட்ரால்" என்று சொல்லிச் சொல்லி, அதை ஏற்றினால் போதும் என்ற எண்ணம் பரவிவிட்டது. எச்டிஎல்லை ஏற்றும் மருந்துகளைச் சோதித்துப் பார்த்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை நன்றாகவே ஏற்றியது, ஆனால் சாவும் கூடியதால் 2006-இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். குறைந்த எச்டிஎல் என்பது வீட்டுக்குள் புகை தெரிவது மாதிரி. புகையை விசிறி விரட்டினால் அடுப்பு அணையாது.

நீறு பூத்த நெருப்பு

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான் அழற்சி. கிருமியைக் கொன்று காயத்தை ஆற்ற உடம்பு மூட்டும் நெருப்பு அது. வேலை முடிந்ததும் அணைந்துவிடும். தொல்லை தருவது அணையாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் அழற்சிதான். வலியும் இருக்காது, காய்ச்சலும் வராது.

அதற்கு விறகு போடுவதில் முதலிடம் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புக்கு. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்போ அழற்சியைத் தூண்டும் பொருட்களை விடாமல் சுரந்துகொண்டிருக்கும். அவை தூண்டுவதால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைச் செய்கிறது. ரத்தத்தில் அதை அளக்கலாம்: 1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3-க்கு மேலே போனால் கவனிக்க வேண்டும். சளி, பல் ஈறு வீக்கம் இருந்தாலும் ஏறும் என்பதால் எல்லோரும் ஓடிப்போய் எடுக்கவேண்டிய பரிசோதனை அல்ல. என்னைக் கேட்டால், முதலில் ஒரு தையல் டேப் போதும். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இடுப்புச் சுற்றளவின் எல்லை. கை காலெல்லாம் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களை நம் ஊரில் எத்தனை பேர் பார்க்கிறோம்! "உடம்பே இல்லை, இவருக்கா ஹார்ட் அட்டாக்?" என்று வியந்து சொல்லும் சாவுகளில் பல இப்படித்தான் வருகின்றன.

கொலஸ்ட்ராலும் அழற்சியும் ரத்தக் குழாயின் சுவரில்தான் ஒன்று சேர்கின்றன. சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொண்ட எல்டிஎல் கெட்டுப்போகிறது. அதைத் தின்று சுத்தம் செய்ய வரும் வெள்ளையணுக்கள் தின்றது செரிக்காமல் வீங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அது ஒரு கட்டியாக வளர்கிறது. அழற்சி அந்தக் கட்டியின் மேல்தோலை அரித்து மெலிதாக்கி, ஒரு நாள் உடைக்கிறது. உடைந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால் மாரடைப்பு. எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்த கான்டோஸ் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தன. அந்த ஊசி விலை அதிகம், தொற்று நோய் ஆபத்தும் இருந்தது, அதனால் ஊருக்கெல்லாம் போடும் மருந்தாக அது ஆகவில்லை. ஆனால் நெருப்பும் உண்மை, அது செய்யும் சேதமும் உண்மை என்பது உறுதியாகிவிட்டது.

வயதாகும்போது இந்த நெருப்பு தானாகவே கொஞ்சம் கூடுகிறது. இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் முதுமையையும் அழற்சியையும் ஒரே சொல்லாகச் சேர்த்து இதற்குப் பெயர் வைத்தார். மூட்டுத் தேய்மானம், தசை கரைவது, சர்க்கரை, மறதி நோய் என்று முதுமையோடு வரும் பல கோளாறுகளின் அடியில் இது இருப்பதாக இன்று ஏராளமான ஆய்வுகள் காட்டுகின்றன.

களி தனியாக வந்ததில்லை

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே ராகி. இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். பிரிந்த பிறகும் தட்டு ஒன்றுதான். சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2023-இல், தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. ராகி தின்றால் சர்க்கரை வராது, கொலஸ்ட்ரால் கரையும் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். பேக்கரியில் ராகி பிஸ்கட், கடையில் ராகி மால்ட், ஓட்டலில் ராகி இடியாப்பம் என்று எங்கும் ராகி வந்துவிட்டது.

ராகி நல்ல தானியம்தான். 100 கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல்; எந்தத் தானியமும் அதற்குப் பக்கத்தில் வராது. தோலில் இருக்கும் துவர்ப்புப் பொருட்கள் அழற்சிக்கு எதிராக வேலை செய்பவை. சிறுதானியங்கள் பற்றிய 19 ஆய்வுகளைச் சேர்த்து 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, மொத்தக் கொலஸ்ட்ரால் 8 சதவீதமும் எல்டிஎல் ஏறக்குறைய 10 சதவீதமும் குறைவதாகச் சொன்னது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, சில வாரங்களோ மாதங்களோ நடந்தவை. அதனால் நான் அந்த எண்ணை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை.

ஆனால் ராகியும் மாவுச்சத்துதான். நைசாக அரைத்து, கூழாகக் கரைத்து, வெல்லம் போட்டுக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகம். சாமையும் அப்படித்தான். சித்தேரி மலையில் வீட்டு உரலில் குத்திய சாமை பழுப்பாக இருக்கும். பாக்கெட்டில் வரும் சாமை அரிசிபோல வெளுத்திருக்கும். வெளுக்க வெளுக்கத் தவிடும் நாரும் போய்விடுகின்றன. பெயரில் மட்டும் சிறுதானியமாக இருப்பதை வாங்கி என்ன பயன்?

நம் பாட்டிமார் சாப்பிட்டது ராகியை மட்டுமா? களி தனியாகத் தட்டுக்கு வந்ததே இல்லை. துடுப்பால் கிண்டி உருட்டி வைத்த களிக்குப் பக்கத்தில் கொள்ளுக் கடைசலோ, அவரைக்கொட்டைக் குழம்போ, புளிச்சகீரையோ, முருங்கைக்கீரையோ, வசதி இருந்த நாளில் கருவாட்டுக் குழம்போ இருக்கும். களியைப் பிட்டு அதில் தோய்த்து விழுங்கினார்கள். கொல்லையும் அப்படித்தான் இருந்தது. ஆடியில் ராகி விதைத்தால் இடையிடையே சால் விட்டு அவரை, துவரை, கடுகு போட்டார்கள். கொல்லையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவை தட்டிலும் பக்கத்தில் உட்கார்ந்தன. இன்று களி திரும்பி வந்திருக்கிறது, கடைசல் வரவில்லை. பருப்பு விலையும் ஒரு காரணம், மத்தெடுத்துக் கடைய நேரமில்லாததும் ஒரு காரணம். 2011 முதல் ரேஷனில் இலவசமாக அரிசி வந்தது பசியைப் போக்கியது, அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வயிறு சோற்றாலேயே நிறைந்தபோது, பயறும் கீரையும் தட்டின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன.

அந்தக் கடைசல்தான் கொலஸ்ட்ராலுக்கு நிஜமாக வேலை செய்கிறது. பயறுகளிலும் வெண்டைக்காய், கத்தரிக்காய் போன்ற காய்களிலும் இருக்கும் கரையும் நார் குடலில் கூழாகிப் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. போன பித்தநீருக்குப் பதில் புதிதாகச் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதற்காக அது படித்துறைகளைக் கூட்டி, ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மிச்ச நாரைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுவே உணவு. சுவர் உறுதியாக இருந்தால் கிருமிகளின் கழிவுகள் ரத்தத்துக்குள் கசிவது குறையும், நெருப்புக்கு விறகும் குறையும்.

கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-இல் ஓட்ஸ், பார்லி, வெண்டைக்காய், கத்தரிக்காய், சோயா, பாதாம் என்று இப்படிப்பட்ட பொருட்களையே சேர்த்துச் சமைத்துக் கொடுத்துப் பார்த்தது. நான்கு வாரத்தில் எல்டிஎல் சுமார் 29 சதவீதம் இறங்கியது. கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு. ஆட்களை அவரவர் வீட்டிலேயே சமைத்துக்கொள்ள விட்டபோது, ஆறு மாதத்தில் கிடைத்தது 13 சதவீதம். வீட்டுச் சமையலின் நிஜமான எண் இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சோயாவுக்குக் கொள்ளும் மொச்சையும், பாதாமுக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் என்று வைத்தால் நம் சமையலறையிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை.

கொள்ளு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதை வைத்துக்கொண்டு, கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று காலையில் ஒரு தம்ளர் குடிக்கிறார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம், 8 கிராம் நார். செரிக்க நேரமாகும், பசியைத் தள்ளிப்போடும், சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பழமொழி சொன்னது இதைத்தான். ரசத்துக்கு வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. நாரில் பெரும்பகுதி அந்தப் பயறிலேயே இருந்துவிடுகிறது. மாட்டுக்கு நல்லது, நமக்கு? காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பையூர் 1, பையூர் 2 கொள்ளு ரகங்கள் இந்த மானாவாரி மண்ணில் மழை குறைந்த ஆண்டிலும் விளைபவை. வெளிநாட்டு விதைகளை ஆன்லைனில் வாங்கி ஊறவைத்துக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த நிலையத்தின் நினைவுதான் வருகிறது.

எண்ணெய் விஷயம் நம்மூரில் சுலபம், வேர்க்கடலை விளையும் மண். கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறையப் பாதி. புட்டியில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் குறிப்பிடும்படியாகக் கொலஸ்ட்ரால் கிடையாது, பாமாயிலையும் சேர்த்துத்தான். செக்கில் ஆட்டினாலும் கொழுப்பின் அமைப்பு அதேதான், வாசனைக்கு வாங்கலாம். ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டரில் நிறுத்தினால் நல்லது. கிருஷ்ணகிரி கேஆர்பி அணையிலும் ஒகேனக்கல்லிலும் கண்ணெதிரே பொரித்துத் தரும் மீனை யாரால் விட முடியும்? மீனில் தப்பில்லை, காலையிலிருந்து கொதித்துக் கருத்துப்போன எண்ணெயில்தான் தப்பு. எண்ணெய் சிதைந்து உண்டாகும் கூட்டுப்பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. தள்ளுவண்டியில் அதை யாரும் அளப்பதில்லை. வீட்டில் குழம்பு வையுங்கள், முடிந்தால் மத்தியோ அயிலையோ வாங்குங்கள். அவற்றில் இருக்கும் ஒமேகா 3 டிரைகிளிசரைடை இறக்க உதவும்.

தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண் இது என்பதாலோ என்னவோ, ஒரே ஒரு பொருளைத் தின்று ஆயுளைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை நம்மிடம் கொஞ்சம் அதிகம். நெல்லியில் வைட்டமின் சி நிறைய இருக்கிறது, தின்னுங்கள். மஞ்சளும் அப்படியே, குழம்பில் போடுங்கள். இரண்டையும் மாத்திரையாக அடைத்து விற்பவரிடம் மட்டும் காசைக் கொடுக்காதீர்கள். கிருஷ்ணகிரி மாம்பழத்தையும் கடித்துத்தான் தின்னவேண்டும். மாங்கூழில் சர்க்கரை கரைத்துப் புட்டியில் வருவது வேறு பொருள்.

எலும்பும் தசையும்

"அந்தக் காலத்தில் களி தின்று நூறு வயது இருந்தார்கள்" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 1951 வாக்கில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. குழந்தையிலேயே செத்தவர்களும் பிரசவத்தில் செத்தவர்களும் நம் நினைவில் இல்லை. பிழைத்து முதுமை கண்ட சிலரின் முகம்தான் நினைவில் நிற்கிறது. இன்று சராசரி 70-ஐத் தொட்டுவிட்டது. தடுப்பூசியும் மருந்தும் வயிறார உணவும் தந்த ஆண்டுகள் இவை. இந்தக் கூடுதல் ஆண்டுகளை எழுந்து நடமாடிக் கழிக்கிறோமா, கட்டிலில் கழிக்கிறோமா என்பதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாற்பதைத் தாண்டினால் தசை மெல்லக் கரையத் தொடங்கும். தசைதான் குளுகோஸை எரிக்கும் பெரிய அடுப்பு, அது சிறுத்தால் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏறும். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று பல நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. 50 கிலோ எடையுள்ள பெரியம்மாவுக்கு 50 முதல் 60 கிராம். நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. பல் போனதும் வயதானவர்களுக்குக் கஞ்சி, ரசம் சாதம், பன், டீ என்று ஆக்கிவிடுகிறோம். பயறு வாயு என்கிறோம், முட்டை சூடு என்கிறோம். ஊறவைத்துக் குழைய வேகவைத்துக் கடைந்தால் பல் இல்லாத வாய்க்கும் பயறு இறங்கும். கடைசல் என்ற சமையலே அதற்காகக் கண்டுபிடித்தது போலத்தான் இருக்கிறது.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கல் தண்ணீர். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். பழுப்புக் கறை படிந்த பல், விறைத்த முதுகு, மடங்காத முழங்கால் என்று ஒரு தலைமுறையே அதைச் சுமக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல்தான் வரத் தொடங்கியது. வயதானவர்களின் மூட்டு வலியை "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் அவர்கள் குடித்த தண்ணீரைப் பற்றியும் கேட்கவேண்டும். சாப்பாட்டில் கால்சியம் போதிய அளவில் இருந்தால் குடலில் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவது குறையும். ராகியும் மோரும் கீரையும் இங்கே இன்னொரு வேலையையும் செய்கின்றன.

மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. களி சாப்பிடுகிறேன், கொள்ளு சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கும், பரம்பரையாக எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்களுக்கும் சாப்பாடு மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயறும் ராகியும் எவ்வளவு என்பதை மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

பெரியம்மாவுக்கு முட்டை திரும்பக் கிடைத்தது, இப்போது தினம் ஒன்று. மதியச் சோறு பாதியாகி, அந்த இடத்தில் பயறோ கீரையோ ஒரு கிண்ணம் வந்தது. இரவு ஒரே ஒரு களி உருண்டை. டீ இரண்டாகி, சர்க்கரை ஒரு கரண்டியானது; அதற்குக் கீழே வரமாட்டேன் என்றுவிட்டார். சாயங்காலம் ஏரிக்கரை வரை நடக்கிறார். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது டிரைகிளிசரைடு 184, எச்டிஎல் 39, எல்டிஎல் 95. எச்டிஎல் மூன்றுதான் ஏறியிருக்கிறது, ஆனால் மொத்தத்திலிருந்து அதைக் கழித்த எண் 152-இலிருந்து 132-க்கு வந்துவிட்டது.

அண்ணன் இன்னும் தன் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. வயது 44. வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட், முடிந்து வரும் வழியில் பரோட்டா. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சராசரியாக 53. மற்ற நாட்டவர்களைவிடச் சுமார் ஆறு ஆண்டு முன்னால். போன பொங்கலுக்கு வந்தபோது தையல் டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றினேன். 99 சென்டிமீட்டர். ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது, பெரியம்மா உரித்து வைத்திருந்த பச்சை அவரைக்கொட்டையில் ஒரு படியை மஞ்சப்பையில் கட்டி வண்டியில் மாட்டிக்கொண்டு, "பிரிட்ஜில் எத்தனை நாளைக்குத் தாங்கும்மா?" என்று கேட்டார்.